எருமைக்கு ஒன்பது வருட வாய்தா

1

காலை ஆறு மணி பத்து நிமிடம். சமையலறை ஜன்னலின் திரையை விலக்கியதும் முதலில் கண்ணில் பட்டது அந்தக் கேரவன். வெள்ளை உடம்பு, இடுப்பில் ஆரஞ்சுப் பட்டை, இரண்டே சக்கரம். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய், கடற்கரையில் நிறுத்திக் குடியிருக்கும் சின்ன வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் உண்டு.

அது எங்களுடையது அல்ல. எங்கள் வாசலுக்கு வந்து இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. இழுத்துப் போகும் இரும்புக் கையில் சங்கிலி போட்டு இரண்டு பூட்டுகள் தொங்குகின்றன. ஒன்றின் சாவி பக்கத்து வீட்டு மார்கரெட்டிடம். மற்றொன்றின் சாவி அவள் கணவன் பாபிடம். பாப் இப்போது நகரின் மறுகோடியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான்.

வெலிங்டனுக்கு அருகில் இருக்கும் இந்தப் புறநகரில் நாங்கள் குடியேறி நான்கு வருடம் ஆகிறது. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். விசா அவளுக்கு வந்தது, நான் அதில் ஒட்டிக்கொண்டு வந்தேன். திருவள்ளூரில் நிருபராக இருந்த நான் இங்கே தபால் பிரிக்கிறேன். அங்கே அடுத்தவர் சண்டையைப் பற்றி எழுதினேன். இங்கே அடுத்தவர் சண்டை என் வாசலிலேயே நிற்கிறது.

நடந்தது இதுதான். பாபும் மார்கரெட்டும் பிரிந்தார்கள். மணவாழ்வில் சேர்ந்த சொத்து ஆளுக்குப் பாதி என்று இந்த நாட்டில் புதிதாகச் சட்டம் வந்திருக்கிறது. வீடு, கார், நாற்காலி, தட்டுமுட்டு எல்லாவற்றுக்கும் வழி பிறந்துவிட்டது. கேரவனுக்கு மட்டும் பிறக்கவில்லை. அது மார்கரெட்டின் அப்பா கொடுத்தது. கொடுத்தபோது வெறும் கூடு. கட்டிலையும் அலமாரியையும் அடித்து உள்ளே வீடாக்கியது பாப். ஒருவரிடம் விட்டுவைக்க இன்னொருவருக்குச் சம்மதம் இல்லை. இரண்டு வக்கீல்களும் பேசி, வழக்கு முடியும் வரை பொது ஆளிடம் இருக்கட்டும் என்றார்கள். தெருவில் இருவரோடும் பேசுகிற பொது ஆள் நான் ஒருவன்தான்.

போன வாரம் மார்கரெட் வேலியோரம் வந்து நின்றாள். ஏகாம்பரம் என்ற என் பெயரை 'ஏகா'வோடு நிறுத்திக்கொள்வது அவள் வழக்கம்.

"ஏகா, இன்னும் ஒரு வருடம் ஆகலாம் என்கிறார் என் வக்கீல். ஒரு கேரவனுக்கு இரண்டு வருடம். இந்த அநியாயம் உலகத்தில் வேறெங்காவது உண்டா?"

எனக்குத் தெரிந்த ஒரு வழக்கு ஒன்பது வருடம் நடந்தது என்றேன்.

"என்ன சொத்து அது? பண்ணையா?"

"எருமை."

"எத்தனை எருமை?"

"வழக்குப் போட்டபோது ஒன்று."

2

அறுபதுகளின் நடுவில், திருவள்ளூர் முன்சீப் கோர்ட்டுக்கு நான் வாரம் இரண்டு முறையாவது போவேன். சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்புவது வேலை. வரப்பு, வாய்க்கால், பொதுச்சுவர் என்று வந்துகொண்டிருந்த வழக்குகளுக்கு நடுவே ஒரு நாள் ஓர் எருமை வந்தது. எருமையே நேரில் வந்தது.

செவ்வாப்பேட்டைப் பெண் மரகதம். திருப்பாச்சூர்க்காரன் தேசப்பன். கல்யாணத்தில் மரகதத்தின் அம்மா சீராக ஓர் எருமைக் கன்று கொடுத்தாள். கன்று வளர்ந்து, ஈன்று, கறவைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துத் தேசப்பனின் தங்கைக்குச் சம்பந்தம் கூடியது. மாப்பிள்ளை வீட்டார் சீர் கேட்டார்கள். "எரும ஒண்ணு ஓட்டி வுடறேன்" என்று தேசப்பன் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். மரகதத்தைக் கேட்கவில்லை. தனக்கு வந்த சீர் நாத்தனாருக்குச் சீராகப் போகிறது என்பது அவளுக்குத் தண்ணீர்க் குழாயடியில் தெரிந்தது. அன்று மாலையே செவ்வாப்பேட்டைக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பெட்டியை எடுத்துக்கொண்டாள். எருமையைத்தான் எடுக்க முடியவில்லை. தேசப்பனின் அண்ணன் தடி எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

தங்கை கல்யாணம் எருமை இல்லாமலே நடந்தது. மரகதம் போட்ட வழக்கு மட்டும் மிஞ்சியது. மரகதம் விவாகரத்துக் கேட்கவில்லை, ஜீவனாம்சம் கேட்கவில்லை. எருமை ஒன்றைத்தான் கேட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"எரும வந்தா எனக்குத் தனி அடுப்பு, பேப்பர்காரரே. ரெண்டு ஊட்டுக்குப் பால் ஊத்திக்கினு நான் பாட்டுக்கு இருப்பேன். வரலன்னா அண்ணி அடுப்பு. அண்ணி ஊதச் சொன்னா ஊதணும், நிறுத்தச் சொன்னா நிறுத்தணும்."

எருமையைத் தேசப்பன் விற்றுவிடுவான் என்று அவளுடைய வக்கீல் மனுப் போட, கோர்ட் அமீனா திருப்பாச்சூருக்குப் போய் அதை ஜப்தி செய்து ஓட்டி வந்தார். அமீனா என்றால் கோர்ட்டின் உத்தரவை வீடு தேடிப் போய் நிறைவேற்றுகிறவர். ஜப்தி செய்த பொருளைக் கோர்ட் அறையில் பூட்டுவது விதி. எருமையை அலமாரிக்குள் வைக்க முடியாது. வேப்பமரத்தில் கட்டினார்கள். அரை நாளில் அது நோட்டீஸ் பலகையில் முதுகைத் தேய்த்து, பலகையைச் சாய்த்துவிட்டது. முன்சீப் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பொது ஆள் ஒருவரிடம் ஒப்படைக்க உத்தரவு போட்டார்.

பொது ஆள் எதிர்ச்சாரியில் இருந்தார். முனிரத்தினம், டீக்கடை. தீவனம் அவர் பொறுப்பு. அதற்கு ஈடாகப் பாலை அவரே எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவில் இருந்தது.

3

அந்த நாளிலிருந்து முனிரத்தினம் கடை டீ கெட்டியானது. வக்கீல்கள் ஆள் அனுப்பி வாங்கியதுபோய், நேரில் வந்து நின்று குடித்தார்கள். இந்த வழக்கு சீக்கிரம் முடிய வேண்டும் என்று நினைத்தவர்கள் அந்தத் தெருவில் இரண்டே பேர். அவர்களும் அங்கேதான் டீ குடித்தார்கள்.

வாய்தா நாளில் ஒரே பெஞ்சில் மேற்குக் கோடியில் தேசப்பன், கிழக்குக் கோடியில் மரகதம். நடுவில் யாராவது கிராமத்து வரப்பு வழக்குக்காரர் தெரியாமல் உட்கார்ந்து மாட்டிக்கொள்வார்.

"முனிரத்தினம் அண்ணே, அந்தாளு கிளாஸ்ல சக்கர கம்மியா போடு. எம் எரும பாலு. நான் சொல்றேன்."

"யாரு எரும? நைனா, ரெண்டு கரண்டி போடு. நான் வளத்த எரும."

"எரும கோர்ட்டு எரும," என்றார் முனிரத்தினம். "சக்கர எஞ்சக்கர. ரெண்டு பேரும் கம்முனு குடிங்க."

அவர் ஒரு கரண்டிதான் போட்டார். இருவருக்கும்.

வளர்த்தது நான் என்பதுதான் தேசப்பனின் கட்சி. கூண்டில் ஏறியும் அதையே சொன்னான்.

"எருமையைச் சீராகக் கொடுத்தது யார்?" என்று மரகதத்தின் வக்கீல் கேட்டார்.

"எரும எங்க சாமி கொடுத்தாங்க? இத்துணூண்டு கன்னு கொடுத்தாங்க. எருமயா ஆக்கினது நானு."

"கன்று வளர்ந்தால் எருமைதானே ஆகும்?"

"உங்க ஊட்ல ஒண்ணு கட்டிப் பாருங்க. ஆவுதா பாக்கலாம்."

முன்சீப் கடிகாரத்தைப் பார்த்தார். வாய்தா.

கேரவனை வீடாக்கியது நான்தான் என்று போன மாதம் பாப் என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றிச் சமாளித்தேன். தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தான், பாவம்.

4

ஒரு வழக்கு எதனால் இழுக்கிறது என்று ஊரில் கேட்டால் லஞ்சம் என்பார்கள், வக்கீல் என்பார்கள். நான் பார்த்த வரை இந்த வழக்கில் கெட்டவர் என்று யாரும் இல்லை. முன்சீப் மாற்றலாகிப் போனார். அடுத்தவர் வந்து வழக்குக் கட்டைப் பிரிப்பதற்குள் கோடை விடுமுறை. விடுமுறை முடிந்ததும் தேசப்பனின் வக்கீலுக்குக் கண் ஆபரேஷன். கண் தெளிந்து அவர் வந்தபோது மரகதத்தின் வக்கீல் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றிருந்தார். தோற்று, மனம் தேறித் திரும்பி வந்தார். சாட்சிக்கு வரவேண்டிய மரகதத்தின் அம்மா பொதட்டூர்பேட்டையில் இளைய மகள் பிரசவத்துக்குப் போனவர், அடுத்த பிரசவம் வரை அங்கேயே இருந்துவிட்டார்.

மனிதர்கள்தான் தாமதித்தார்கள். எருமை தாமதிக்கவில்லை. வழக்கின் முதல் வருடத்திலேயே ஒரு கிடாரி, அதாவது பெண் கன்று, போட்டது. இந்தக் கன்று யாருடையது? தாய் யாருடையதோ கன்றும் அவருடையது என்றார் மரகதத்தின் வக்கீல். கன்றுக்கு அப்பன் தன் கட்சிக்காரரின் அண்ணன் வீட்டுக் கிடா என்றார் தேசப்பனின் வக்கீல். கன்றையும் வழக்கில் சேர்க்க ஒரு மனு தாக்கலானது. ஸ்டாம்பு குறைவு என்று மனு திரும்பி வந்தது. வக்கீலின் அலமாரியில் தங்கிவிட்டது.

கோர்ட் காவலில் உள்ள சொத்தில் மாறுதல் வந்தால் தெரிவிக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஈற்றுக்கும் முனிரத்தினம் ஒரு மெமோ கொடுத்தார். குமாஸ்தாக்கள் அதற்குப் பிறப்பு மெமோ என்று பெயர் வைத்தார்கள். கிடாக் கன்றுகளைக் கோர்ட் அனுமதியோடு விற்றுத் தீவனக் கணக்கில் கழித்தார்கள். கிடாரி வளர்ந்து தானும் ஒரு கிடாரியை ஈன்றது. பிறகு ஒரு மழைக்காலத்தில் கோமாரி கண்டு செத்தது. அதற்கு இறப்பு மெமோ. மிச்சம் பாட்டியும் பேத்தியும். பாட்டியின் நெற்றியில் இருந்த வெள்ளைச் சுட்டி மகளுக்கு வரவில்லை. பேத்திக்கு வந்தது.

மரகதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாடு கைமாறும்போது கொடுப்பவர் தன் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொள்வார். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டு வரவேண்டும். பழைய கயிறோடு போனால் தொழுவத்தின் யோகமும் கூடவே போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மரகதம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூடைக்குள் ஒரு புதுக் கயிற்றுச் சுருளோடு வந்தாள். தீர்ப்பு அன்றைக்கே வந்துவிட்டால் கயிறு தேடி அலையக்கூடாது. சாயங்காலம் அதே கயிற்றோடு செவ்வாப்பேட்டைக்கு ரயில் ஏறுவாள். கயிறு நரைத்துப்போனால் வேறு வாங்குவாள்.

"இன்னா மரகதம், கயிறு எத்தினியாவது?" என்பார் முனிரத்தினம்.

"சிரி அண்ணே, சிரி. ஒங்கயித்த அவுக்கறப்ப தெரியும்."

வாய்தா கிடைத்த நாட்களில் முனிரத்தினம் கடையில் சாம்பிராணிப் புகை கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

5

ஒன்பதாவது வருடம் தீர்ப்பு வந்தது. மரகதத்துக்கே எருமை. மனு அட்டவணையில் கண்ட எருமையை அமீனா ஒப்படைக்க வேண்டும் என்று டிகிரி. தீர்ப்பை நிறைவேற்றக் கோர்ட் எழுதித் தரும் உத்தரவுக்கு அங்கே அந்தப் பெயர்.

நான் வாழ்த்துச் சொல்லப் போனேன். அவள் கடைக்குப் பின்னால் பாட்டி எருமையின் எதிரில் நின்றிருந்தாள்.

"கெலிச்சிட்டோம்னு வக்கீல் சொல்றாரு, பேப்பர்காரரே. பதிமூணு வயசு. பால் வத்திப்போய் ரெண்டு வருசம் ஆவுது. இத்த ஓட்டிக்கினு போனா, அண்ணி என்னியும் எருமயயும் ஒண்ணா கட்டிப் போட்டுட்டு, ரெண்டுக்கும் தண்டச் சோறுன்னு சொல்லுவா."

"பேத்தி?"

"அதுக்குத் தனி வழக்குப் போடணுமாம்."

ஒப்படைக்கும் நாளில் கடைக்குப் பின்னால் எல்லோரும் கூடினோம். அமீனா நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தாளில் இருப்பதற்கு ஓர் எழுத்து கூடவும் குறையவும் செய்யாதவர் என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதில் கவனமாக இருப்பார். அட்டவணையை உரக்கப் படித்தார். கறுப்புப் பெண் எருமை ஒன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. வயது நான்கு. கறவையில் உள்ளது.

பிறகு பாட்டியைப் பார்த்தார்.

"இதுக்கு நாலு வயசா?"

"வழக்குப் போட்ட அன்னைக்கு நாலு," என்றார் மரகதத்தின் வக்கீல். "ஒன்பது வருஷம் கூட்டிக்கணும்."

"கூட்டச் சொல்லி டிகிரியில இல்லியே. கறவைல கீதுன்னு போட்டுக்குது. இது கறவைலயா கீது?"

"அப்போது இருந்தது."

"நாளைக்கு மேல்கோர்ட்டுல கேட்டா, அப்ப இருந்துச்சுன்னு நானா போயி சொல்றது?" அவர் பார்வை பக்கத்தில் போனது. பேத்தி அசை போட்டுக்கொண்டிருந்தது. சுட்டி பளிச்சென்று இருந்தது. கீழே முனிரத்தினத்தின் பால் செம்பு. "தோ, இது இன்னா வயசு?"

"நாலு," என்றார் முனிரத்தினம். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஆனா அது இதோட பேத்தி, சார்."

"பேத்தின்னு டிகிரியில ஒண்ணும் இல்ல."

இரண்டு வக்கீல்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒன்பது வருடத்தில் அவர்கள் ஒரே கட்சியில் நின்றது அன்றுதான். எருமையை மாற்றிக் கொடுத்தால் முறைப்படி செல்லாது என்றார்கள். அமீனா கையை உயர்த்தினார்.

"எதிராளி அடையாளம் காட்டட்டும். யாருக்கும் சண்ட வேணாம். தேசப்பா, இங்க வா. அட்டவணை எரும இதுல எது?"

தேசப்பனின் வக்கீல் அவன் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. "இரண்டும் இல்லைன்னு சொல்லு. ஆட்சேபணை போடலாம். இன்னும் மூணு வருஷம் தள்ளலாம்."

மரகதத்தின் கையில் கயிறு இருந்தது. புதுக் கயிறு. தேசப்பன் பாட்டியைப் பார்த்தான். பேத்தியைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். பேத்தியின் முதுகில் கையை வைத்தான்.

"இதான் சாமி."

"யோவ், நல்லாப் பாத்துச் சொல்லு," என்றார் அவனுடைய வக்கீல்.

"நான் வளத்த எரும எனக்குத் தெரியாதா?"

மரகதம்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஒம்போது வருசத்துல இன்னிக்குத்தான் அந்தாளுக்குக் கண்ணு தெரிஞ்சிக்குது."

முனிரத்தினம் தன் கயிற்றை மெதுவாக அவிழ்த்தார். "ஒரு வேள கறந்துக்கினு வுடட்டுமா சார்?"

"கறந்துட்டா கறவைல கீறது எப்புடித் தெரியும்? அப்புடியே ஓட்டு."

மரகதம் தன் கயிற்றைக் கட்டினாள். ரயிலில் எருமைக்கு இடமில்லை. செவ்வாப்பேட்டை வரை நடந்தே ஓட்டிப் போனாள். பாட்டியை யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் தேசப்பன் அதைத் திருப்பாச்சூருக்கு ஓட்டிக்கொண்டு போனான். மறுநாளிலிருந்து முனிரத்தினம் கடையில் பால் பவுடர் டீ.

தீர்ப்பு வந்ததும் எழுதுங்கள் என்று ஆசிரியர் ஒன்பது வருடம் முன்பு சொல்லியிருந்தார். இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். மூன்று வரி வந்தது.

6

இதை மார்கரெட்டிடம் வேலியோரம் நின்று சொல்லி முடிக்க அரை மணிக்கு மேல் ஆயிற்று. கோர்ட் உத்தரவை நான் எங்கள் ஊர் உச்சரிப்பில் 'டிகிரி' என்றே சொல்ல, ஏதோ பட்டப்படிப்பைப் பற்றிப் பேசுவதாக நினைத்து அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். எருமைக் கதையில் எத்தனை முறை சிரித்தாள் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் சிரிக்கவில்லை.

"அந்த ஆள் ஏன் முதல் நாளே அதைச் செய்யவில்லை?"

"முதல் நாள் ஓர் எருமைதான் இருந்தது."

அவள் எங்கள் கேரவனைப் பார்த்தாள். எங்கள் கேரவன் என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தாமல் விடுகிறேன், காரணம் இருக்கிறது.

வாரம் ஒருமுறை கதவைத் திறந்து காற்றாட விடவேண்டும் என்று வக்கீல்கள் சொல்லியிருந்தார்கள். அந்த வேலையை என் மகள் சுமதி ஏற்றுக்கொண்டாள். பள்ளியில் அவள் பெயர் 'சூ'. முதலில் காற்றாட விட்டாள். பிறகு காற்றாடும் நேரத்தில் உட்கார்ந்து படித்தாள். ரேடியோ போயிற்று. தலையணை போயிற்று. இப்போது சாப்பாட்டுக்குக் கூப்பிட வாசலில் இறங்கிப் போய்க் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. தட்டாமல் திறந்தால் ஆங்கிலத்தில் கோபிக்கிறாள். சமாதானம் மட்டும் தமிழில்.

போன ஞாயிற்றுக்கிழமை தோசையைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, அந்தக் கேஸ் எப்போ முடியும்?"

"இன்னும் ஒரு வருஷம் ஆகுமாம்."

"முடியாம இருந்தா நல்லா இருக்கும்ல?"

அவள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். பாப் தொலைபேசியில் கூப்பிட்டு, சமாதானமாகப் போகலாமா என்று நினைக்கிறேன், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டது அதற்கு முந்தின நாள்தான். நன்றாக யோசித்துச் செய், அவசரம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். முனிரத்தினத்தின் சாம்பிராணி எனக்கு இப்போது புரிகிறது. இரண்டு பேருக்கும் வேண்டியவன்தான் பொது ஆள். மூன்றாவதாகத் தனக்கும் வேண்டியவனாகிவிடுகிறான்.

திங்கட்கிழமை பாபைத் திரும்பக் கூப்பிட்டேன். சமாதானமே நல்லது என்றேன். சுமதியிடம் இன்னும் சொல்லவில்லை.

குடும்ப வழக்குகளுக்கென்றே தனிக் கோர்ட் அமைக்கலாமா என்று இங்கே பேச்சு நடக்கிறது. நல்லதுதான். எதிரில் டீக்கடை இருந்தால் யோசிக்க வேண்டும்.

7

போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் வயலுக்கு நடுவே கம்பெனிகள் வேலி போட ஆரம்பித்திருக்கின்றன. திருவள்ளூர் கோர்ட் அப்படியே இருக்கிறது. நோட்டீஸ் பலகை இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது.

காலை ரயில் போன பிறகு முனிரத்தினம் கடைக்குப் போனேன். ஆணியில் ஒரு பழைய கயிறு தொங்கியது. பெஞ்சின் மேற்குக் கோடியில் காக்கிச் சட்டையோடு தேசப்பன் உட்கார்ந்திருந்தான். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன். வாராந்திர லீவு. கெழவி எருமை இன்னும் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டேன்.

"கீறா, கீறா. பாலு இல்ல, கன்னு இல்ல, தின்னுக்கினு படுத்துக்கீறா. வேல ஒண்ணுமில்லாத ஆபீசர் மாரி."

விவாகரத்து ஆயிற்றா என்று கேட்டேன். அந்த வழக்கை யாரும் போடவில்லை என்றான். போட்டால் இன்னொரு ஒன்பது வருடம் பேஜாரு என்றான்.

அப்போது ஸ்டேஷன் பக்கத்திலிருந்து மரகதம் பால் கேனோடு வந்தாள். செவ்வாப்பேட்டையில் தனி வீடு, தொழுவத்தில் மூன்று கறவை. முனிரத்தினம் கடைக்கு இப்போது அவள் பால்தான்.

"வாங்க பேப்பர்காரரே. சீமைல பாலு கெட்டியா கெடைக்குதா?"

கெட்டியாகக் கிடைக்கிறது, டீ கிடைப்பதில்லை என்றேன். அவள் பாலை அளந்து ஊற்றினாள். கேனை மூடிக்கொண்டு, பெஞ்சின் கிழக்குக் கோடியில் உட்கார்ந்தாள்.

முனிரத்தினம் தேசப்பனின் கிளாசில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டார்.